சன்மார்க்கம்: ஒரு வடசொல்லின் பொருள் மாற்றமும் இராமலிங்க அடிகளின் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

சன்மார்க்கம் என்னும் வடசொல் சைவ சித்தாந்த மரபில் நான்கு நெறிகளுள் இறுதியானதாகிய ஞானநெறியைக் குறிக்கும் கலைச்சொல்லாகும். இராமலிங்க அடிகள் (1823–1874) இச்சொல்லை அம்மரபிலிருந்து பெற்றுத் தாம் தோற்றுவித்த இயக்கத்தின் பெயராக்கினார். 1865இல் அவர் அமைத்த சங்கத்தின் பெயரில் வேதம் என்ற அடைமொழி இருந்தது. 1872இல் அவ்விடத்தில் சுத்தம் என்ற அடைமொழி அமைந்தது. இம்மாற்றத்தை அடிகளின் வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு வைத்து நோக்கி, இறைவனுக்கும் அடியவனுக்கும் உள்ள உறவைச் சுட்டிய சொல் உயிருக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சுட்டுவதாக விரிந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சன்மார்க்கம், இராமலிங்க அடிகள், சைவ சித்தாந்தம், சீவகாருண்யம், தருமச்சாலை, சத்திய ஞானசபை.

முன்னுரை

வடலூர் வள்ளலார் எனத் தமிழுலகம் அறிந்த இராமலிங்க அடிகளின் வாழ்க்கை வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. அவற்றுட் பல அருட்செயல்களை முதன்மைப்படுத்துவன. சில சமூகச் சீர்திருத்தத்தை முதன்மைப்படுத்துவன. இவ்விரு போக்குகளிலும் விடை காணப்படாத வினா ஒன்று உண்டு. கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகேசரையும் தில்லைக் கூத்தனையும் உருகிப் பாடிய ஒருவர், தம் இறுதிக் காலத்தில் சைவம் உள்ளிட்ட எல்லாச் சமயங்களின் மேலும் வைத்த பற்றை விட்டுவிடுமாறு தம் அன்பர்களைக் கேட்டுக்கொண்டார். முற்பகுதியை ஏற்போர் பிற்பகுதியைத் தயக்கத்துடன் நோக்குகின்றனர். பிற்பகுதியை ஏற்போர் முற்பகுதியை இளமைக்கால முயற்சியென ஒதுக்குகின்றனர். இதனால் ஒரே வாழ்வு இரண்டாகப் பிளவுபட்டு நிற்கிறது.

இப்பிளவை இணைக்கும் இழை ஒன்று அவர் கையாண்ட சொல்லிலேயே உள்ளது. சன்மார்க்கம் என்ற சொல்லை அவர் தொடக்கத்திலும் விடவில்லை, இறுதியிலும் விடவில்லை. அச்சொல்லின் முன்னும் பின்னும் சேர்த்த அடைகளை மாற்றினார். அதன் பொருளை விரித்தார். எனவே அச்சொல்லின் பொருள் வளர்ச்சியை அவர் வாழ்வின் போக்கோடு இணைத்துக் காண்பது இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

சொல்லமைப்பும் சைவ மரபுப் பொருளும்

சத், மார்க்கம் என்னும் இரு வடசொற்கள் புணர்ந்து சன்மார்க்கம் என்றாயின. மார்க்கம் என்பது வழி. தேடுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது தோன்றியது என்பர் வடமொழி இலக்கணத்தார். சத் என்பதற்கு உள்ளது என்பது அடிப்படைப் பொருள். என்றும் உள்ளதே மெய் ஆதலின் மெய் என்ற பொருளும், மெய்யே நன்மை ஆதலின் நல்லது என்ற பொருளும் அதிலிருந்து கிளைத்தன. ஆகவே சன்மார்க்கம் என்பதற்கு நல்வழி என்றும், மெய்வழி என்றும், உள்ளதைச் சென்றடையும் வழி என்றும் பொருள் கொள்ள இடமுண்டு.

பொதுவழக்கில் நல்லொழுக்கத்தைக் குறித்த இச்சொல் சைவத்தில் வரையறுத்த கலைச்சொல்லாயிற்று. திருமூலரின் திருமந்திரம் தன் ஐந்தாம் தந்திரத்திலும், அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் தன் எட்டாம் சூத்திரத்திலும் நான்கு மார்க்கங்களைப் பேசுகின்றன. தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்பன அவை. அடிமையாகவும் மகனாகவும் தோழனாகவும் இறைவனோடு உறவு கொள்ளுதல் முதல் மூன்றுமாம். அறிவால் ஒன்றுதல் நான்காவது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களோடும், சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்னும் நான்கு பயன்களோடும் இவை முறையே பொருத்தப்படும். திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரை இந்நெறிகளுக்கு முறையே எடுத்துக்காட்டாகக் கூறுவது சைவ வழக்கு.

இவ்வமைப்பில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, சன்மார்க்கம் ஓர் ஏணியின் உச்சிப்படி. ஏனைய படிகளைக் கடந்தோர்க்கு உரியது. இரண்டாவது, நான்கு உறவுகளும் ஓர் உயிருக்கும் இறைவனுக்கும் இடையே நிகழ்வன. பக்கத்தில் பசித்திருக்கும் இன்னோர் உயிருக்கு அவ்வுறவில் நேரிடையான இடம் இல்லை. அடிகளின் வாழ்வில் மாற்றம் பெற்றவை இவ்விரு கூறுகளே.

பிறப்பும் சென்னை வாழ்வும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாம் மகவாக இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கராக இருந்தவர். சிறுவர்க்குக் கல்வியும் கற்பித்தவர். ஐந்து மாதக் குழந்தையைப் பெற்றோர் தில்லைக்கு எடுத்துச் சென்றபோது, சிதம்பர இரகசியத் திரை விலகக் கண்டு குழந்தை நகைத்தது என்று வரலாற்று நூல்கள் கூறும். திரை விலகுதல் என்னும் இக்காட்சி பின்னாளில் வடலூர் ஞானசபையின் அமைப்பில் நடுநாயகமாக நின்றது. குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். சின்னம்மையார் மக்களுடன் பொன்னேரி வட்டாரத்திலுள்ள தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

சென்னை ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் குடும்பம் வாழ்ந்தது. மூத்தவரான சபாபதி, காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் பயின்று, புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியும் அவ்வழியே பயின்று பிழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் இளையவரோ பாடத்தில் கருத்தூன்றாது கந்தகோட்டத்தில் முருகனைப் பாடிக்கொண்டிருந்தார். தெய்வமணிமாலை அக்கோயிலைச் சார்ந்து எழுந்தது. ஒருநாள் தமையனார்க்கு உடல்நலம் குன்றியதால் அவருக்கு மாற்றாகப் பெரியபுராணச் சொற்பொழிவுக்குச் சென்ற இராமலிங்கர், திருஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார் என்பர்.

பின்னர்ப் பல ஆண்டுகள் திருவொற்றியூர் அவர் வழிபாட்டிடம் ஆயிற்று. வடிவுடை மாணிக்கமாலை, எழுத்தறியும் பெருமான் மாலை, இங்கிதமாலை முதலியன அத்தலத்தைப் போற்றுவன. இக்காலப் பாடல்களில் அடிமை, மகன், காதலி என உறவுகள் மாறிமாறி வருகின்றன. ஆளுடைய பிள்ளையார், அரசுகள், நம்பிகள், அடிகள் என்னும் நால்வர்க்கும் தனித்தனியே அருண்மாலை பாடியதும், சம்பந்தரை வழிபடு குருவாகக் கொண்டதும் சைவ நால்நெறி மரபு அவர் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். சன்மார்க்கம் என்ற சொல்லை அவர் அயலிடத்திலிருந்து இரவல் பெறவில்லை; வழிபட்ட மரபின் உள்ளிருந்தே பெற்றார்.

1850இல் தமக்கை உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை அவர் மணந்தார். உற்றார் வேண்டுதலுக்கு இணங்கிய திருமணம் அது. இல்லறத்தில் அவர் உள்ளம் செல்லவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர்த் தொழுவூர் வேலாயுத முதலியார் அவர்தம் மாணவரானார். அடிகளின் நூல்கள் அச்சேறியதில் இவருக்குள்ள பங்கு பெரிது.

பதிப்புப் பணியும் உரைநடையும்

அடிகள் பதிப்பாசிரியராகவும் விளங்கினார் என்பது பலரால் விரைந்து கடக்கப்படும் செய்தியாகும். 1851இல் சீர்காழிக் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டமண்டல சதகத்தையும், 1857இல் சின்மய தீபிகையையும் அவர் பதிப்பித்தார். சன்மார்க்கப் பொருளாய்வில் இவற்றுள் முதலாவது சிறப்பிடம் பெறுகிறது. யோகக் கழற்றி, கிரியைக் கழற்றி, சரியைக் கழற்றி என்பன ஒழிவிலொடுக்கத்தின் இயல்களுள் மூன்று. கீழ்ப்படிகள் மூன்றையும் கழற்றிவிட்டு ஞானம் ஒன்றையே நிறுத்தும் நூல் அது. இருபத்தெட்டு வயதில் அந்நூலைத் தேர்ந்து பதிப்பித்தவர், நான்கு படிகளுள் ஒன்றே போதும் என்னும் கருத்தோடு நெருங்கிப் பழகியவராவார். ஏணி அமைப்பின் மீது எழுந்த முதல் ஐயத்தை இப்பதிப்பில் காணலாம்.

தொண்டமண்டல சதகப் பதிப்பில் நூலின் பெயரைப் பற்றியே விரிவான இலக்கண ஆராய்ச்சி ஒன்றை அவர் எழுதினார். ஒரு பெயரின் வடிவத்தை இத்துணை நுணுகி ஆராய்ந்தவர், பின்னாளில் தம் சங்கத்துக்குச் சூட்டிய பெயரில் ஒரு சொல்லை மாற்றியதைத் தற்செயலானது என்று கொள்வதற்கில்லை.

1854இல் வெளிவந்த மனுமுறைகண்ட வாசகம் அவர்தம் உரைநடை நூல்களுள் முந்தியது. தேர்க்காலில் கன்றை இழந்த பசுவின் துயருக்காகத் தன் மகனையே இழக்கத் துணிந்த சோழ மன்னனின் கதையை அது கூறுகிறது. தான் செய்த பாவம் எதுவோ என்று மன்னன் புலம்பும் பகுதியில், பிறவுயிர்க்குச் செய்யும் கொடுமைகளின் நீண்ட வரிசை ஒன்று இடம்பெறுகிறது. பெரியபுராணத்தில் நீதியின் சிறப்பாக நின்ற கதை, அடிகளின் உரைநடையில் உயிரிரக்கத்தின் கதையாக அழுத்தம் பெற்றது. ஞானத்தையும் உயிரிரக்கத்தையும் அவர் இன்னும் ஒன்றாக்கவில்லை. ஒழிவிலொடுக்கத்தில் ஒன்றும் மனுமுறைகண்ட வாசகத்தில் மற்றொன்றுமாக அவை தனித்தனியே நின்றன.

கருங்குழி வாழ்வும் சங்கத்தின் தோற்றமும்

1858ஆம் ஆண்டளவில் அடிகள் சென்னையை நீங்கித் தில்லை நோக்கிப் புறப்பட்டார். வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழியில் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அவ்வூர் அவர் உறைவிடமாயிற்று. எண்ணெய்க்கு மாறாக நீர் வார்க்க விளக்கெரிந்தது என்னும் செய்தி இவ்வூரைச் சார்ந்தது. தில்லைக்கு அடிக்கடி சென்று வழிபட்டதும், நான்காம் திருமுறைப் பாடல்கள் பல எழுந்ததும் இக்காலத்திலேயாம்.

சென்னை நகர வாழ்வில் புலவர், வணிகர், சொற்பொழிவு கேட்போர் ஆகியோருடன் பழகியவர், தென்னாற்காட்டுச் சிற்றூர்களில் மழையை நம்பி வாழும் வேளாண் குடிகளிடையே வாழலானார். வாடிய பயிரைக் கண்டு தாம் வாடியதாக அவர் பாடிய உணர்வுக்கு இந்நிலப்பகுதி பின்புலமாகும். பசி என்பது இங்கே கண்ணெதிரே நின்றது. வீடுதோறும் இரந்தும் பசி நீங்காதாரையும் தீராப் பிணியாளரையும் கண்டு துடித்ததாக அவர் பாடல்கள் பதிவுசெய்கின்றன.

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை அவர் நிறுவினார். இப்பெயரின் ஒவ்வொரு சொல்லும் அன்றைய சைவ அறிஞர்க்குப் பழக்கமானது. வேதாந்த சித்தாந்த சமரசம் என்பது தாயுமானவர் வழியாகத் தமிழ்நாட்டில் வேரூன்றிய கருத்து. வேதம் என்ற அடை, சங்கம் புறம்பான புதுநெறியன்று என்ற உறுதியை அளித்தது. சன்மார்க்கம் ஞானநெறியைச் சுட்டியது. பெயரளவில் இச்சங்கம் மரபின் எல்லைக்குள்ளேயே நின்றது. ஆயினும் சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஏற்றதிலும், புலாலுண்ணாமையை அடிப்படையாகக் கொண்டதிலும் புதிய போக்கு தென்படுகிறது. தீக்கை பெற்றோர்க்குரிய உச்சிப்படி இப்போது எவரும் நுழையத்தக்க வாயிலாயிற்று. பொருள் மாற்றத்தின் முதற்கட்டம் இது.

பெயரிலுள்ள சொற்கள் அனைத்தும் வடசொற்களாக இருப்பது வியப்பாகத் தோன்றலாம். அவர் எழுதிய உரைநடை விண்ணப்பங்களுள் ஒன்றில், ஆரவாரமும் அருமையும் மிக்க பிறமொழிகளில் பற்றுக் கொள்ளாது எளிமையும் இனிமையும் வாய்ந்த தமிழில் தம்மைப் பற்றுக்கொள்ளச் செய்தமைக்கு இறைவனுக்கு நன்றி கூறியவர் அவர். அத்தகையவர் வடசொல்லைத் தேர்ந்தது மொழிப்பற்றின் குறைவாலன்று. சன்மார்க்கம் என்பது அவர் காலத் தமிழ்ச் சைவர் இல்லங்களில் வழங்கிய சொல். புதுச்சொல் ஒன்றை ஆக்கியிருப்பின் அது புதுச்சமயம் ஒன்றின் பெயராகியிருக்கும். பழஞ்சொல்லில் புதுப்பொருள் ஏற்றியதால், கேட்பவர் தாம் அறிந்த சொல்லையே மீளவும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

தருமச்சாலை: சொல்லுக்குச் செயல்வடிவம்

வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடையாக அளித்தனர். அங்கு 1867 மே 23ஆம் நாள் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது எரிந்து வருகிறது. இன்ன சாதியார், இன்ன சமயத்தார் என்ற வினாவின்றி வருவோர்க்கெல்லாம் உணவளிப்பது சாலையின் விதி. பத்தாண்டுகளுக்குள் 1876–78இன் பெரும்பஞ்சம் தென்னகத்தை வாட்டியது என்பதை எண்ணும்போது இவ்வமைப்பின் தேவை விளங்கும்.

சாலைத் தொடக்கத்தையொட்டி எழுந்த உரைநடை நூல் சீவகாருண்ய ஒழுக்கம். அதன் வாதம் தருக்க முறையில் அமைந்தது. உயிர்கள் யாவும் ஒரே இறைவனால் ஆக்கப்பட்டவை, ஒரே இயல்பின, ஆதலின் உடன்பிறப்புரிமை உடையன. உடன்பிறந்தாருள் ஒருவர் துன்புறுவதைக் காணும் மற்றொருவர் உருகுவது இயல்பு. அவ்வுருக்கம் தோன்றாத உயிரின் அறிவுக்கண் ஒளி மழுங்கியுள்ளது. பிணி, வறுமை, அச்சம் முதலிய இடர்கள் பலவிருப்பினும் பசியும் கொலையும் முதன்மையானவை. அவற்றை நீக்குவதே இரக்கத்தின் முதற்செயல். இவ்வாறு செல்லும் வாதம், சீவகாருண்யமே வீடுபேற்றின் கதவைத் திறக்கும் கருவி என முடிகிறது.

சைவ மரபில் வீடுபேற்றுக்கு நேர்வாயில் ஞானம். அடிகள் அவ்வாயிலில் உயிரிரக்கத்தை நிறுத்தினார். இதனால் ஞானத்தை அவர் நீக்கினார் என்பதில்லை. உயிர்களெல்லாம் ஓரினம் என்னும் அறிவே ஞானம். அவ்வறிவு மெய்யானதாயின் அது பிறர் பசி தீர்க்கும் செயலாக வெளிப்பட்டே தீரும் என்பது அவர் நிலை. ஒழிவிலொடுக்கத்திலும் மனுமுறைகண்ட வாசகத்திலும் தனித்தனியே நின்ற இரண்டும் இங்கே ஒன்றாயின. சன்மார்க்கம் என்ற சொல்லுக்கு உரை வேண்டுவோர் அந்த அடுப்பைக் காணலாம்.

அருட்பாச் சொற்போர்

தருமச்சாலை தோன்றிய 1867ஆம் ஆண்டிலேயே திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. இறுக்கம் இரத்தின முதலியார் பாடல்கள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதிபூண்டு வற்புறுத்தியதன் பின்னரே அடிகள் இசைந்தார் என்பது அவர்தம் கடிதங்களால் அறியப்படுகிறது. நூலில் தம் பெயரோடு சாமி என்ற சிறப்புப்பெயரைச் சேர்த்தல் ஆரவாரமாகத் தோன்றும் என்று அவர் தடுத்ததும் அக்கடிதங்களுள் ஒன்றில் காணப்படும் செய்தி. திருவருட்பா என்ற பெயரும் திருமுறை என்ற பகுப்பும் வேலாயுத முதலியார் அமைத்தவை.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இவற்றை ஏற்கவில்லை. அருட்பா, திருமுறை என்பன நாயன்மார் பாடல்களுக்கே உரிய பெயர்கள் என்பது அவர் நிலை. 1869இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அது பாடல்களின் தகுதி பற்றியதன்று, அவதூறு பற்றியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன.

இச்சொற்போரைத் தனிமனிதப் பகையாகக் காண்பதைவிட, சொற்களின் உரிமை பற்றிய வழக்காகக் காண்பதே பொருத்தம். சைவத்தின் கலைச்சொற்கள் வரையறுக்கப்பட்டவை. அவற்றை வரம்பின்றி வழங்கினால் மரபு சிதையும் என்று நாவலர் அஞ்சினார். பாடசாலை நிறுவியும் நூல்களைப் பிழையறப் பதிப்பித்தும் மரபைக் காத்த ஓர் அறிஞர்க்கு அவ்வச்சம் இயல்பானது, காரணமற்றதும் அன்று. சன்மார்க்கம் என்ற கலைச்சொல் அக்காலத்திலேயே வரம்பு கடந்து விரிந்துகொண்டிருந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அடிகளே அவ்வரம்பை வெளிப்படையாக நீக்கினார்.

ஞானசபையும் பெயர் மாற்றமும்

1870இல் அடிகள் வடலூருக்குத் தெற்கேயுள்ள மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் எனத் தாம் பெயரிட்ட இல்லத்திற்குச் சென்றார். 1871இல் வடலூரில் சத்திய ஞானசபையின் கட்டடப் பணி தொடங்கியது. எண்கோண வடிவும் தெற்கு நோக்கிய வாயிலும் உடைய அக்கட்டடத்தின் அமைப்பை அவரே வகுத்தார். 1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. சபையில் திருவுருவம் இல்லை. ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாக விலகியபின் சோதி காணப்படும். திரைகள் ஆன்ம அறிவை மறைக்கும் மாயாசத்திகளைக் குறிப்பன. தில்லையின் ஒற்றைத் திரை இங்கு ஏழாயிற்று. திரைக்கப்பால் தோன்றும் ஒளி எச்சமயத்தார்க்கும் பொதுவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவல் நிறைவெய்தியது. சூலை 18ஆம் நாள் சபையின் வழிபாட்டு விதி வெளியிடப்பட்டது.

இவ்வாண்டிலேயே நிறுவனங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. சமரச வேத சன்மார்க்க சங்கம், சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. சமரச வேத தருமச்சாலை, சமரச சுத்த சன்மார்க்க சத்திய தருமச்சாலை ஆயிற்று. வேதம் நீங்கியது, சுத்தமும் சத்தியமும் சேர்ந்தன, சன்மார்க்கம் மாறாது நின்றது. சாலையின் பெயரில் முன்பு இல்லாத சன்மார்க்கம் இப்போது இடம்பெற்றதும் கருதத்தக்கது. உணவளிக்கும் இடமும் சன்மார்க்கத்தின் பெயரைத் தாங்கலாயிற்று.

சுத்தம் என்ற அடைக்கு அவர் தந்த விளக்கம் அவர்தம் உபதேசக் குறிப்புகளில் உள்ளது. சமய சன்மார்க்கம், மத சன்மார்க்கம், சுத்த சன்மார்க்கம் என மூவகையாக அவர் பிரித்தார். சமய சன்மார்க்கம் சத்துவ குணத்தைச் சார்ந்தது; கொல்லாமை, பொறுமை, அடக்கம், உயிரிரக்கம் ஆகிய நற்பண்புகளில் நிற்பது. மத சன்மார்க்கம் குணங்களைக் கடந்து, இறைவனும் உயிரும் ஒன்றென்னும் மகாவாக்கியப் பொருளில் நிற்பது. இவ்விரண்டின் அனுபவங்களையும் கடந்தது சுத்த சன்மார்க்கம். சுத்தம் என்ற சொல் முன்னே வந்து, சமய மத அனுபவங்கள் ஏதும் கலவாமையைக் காட்டுகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

அக்குறிப்புகளில் நால்நெறிகளுக்கும் அவர் புதுவிளக்கம் தந்தார். எல்லா உயிர்களையும் தன் அடிமைபோல் எண்ணுதல் தாசமார்க்கம். மகன்போல் எண்ணுதல் சற்புத்திரமார்க்கம். நண்பன்போல் எண்ணுதல் சகமார்க்கம். தன்னைப்போலவே எண்ணுதல் சன்மார்க்கம். இதனை உயிர்வகை நியாயம் என்றும், இறைவனோடு கொள்ளும் உறவைக் கடவுள் நியாயம் என்றும் அவர் வேறுபடுத்தினார். நான்கு சொற்களும் பழையனவே. அவற்றின் வரிசையும் பழையதே. ஆயின் உறவின் ஒருமுனையில் இறைவன் நின்ற இடத்தில் இப்போது எல்லா உயிர்களும் நிற்கின்றன. சித்தியார் காலமுதல் வழங்கிவந்த கலைச்சொல்லின் பொருள் வரலாற்றில் இது பெருந்திருப்பம் எனலாம். 1867இல் சாலையில் செயலாக நிகழ்ந்தது இங்கே சொற்பொருளாக வரையறை பெற்றது.

பேருபதேசமும் இறுதி நாள்களும்

1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி அடிகள் ஆற்றிய உரை பேருபதேசம் எனப்படுகிறது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகிய கலைகளிலும் சமயங்களிலும் மதங்களிலும் இலக்கு வைக்க வேண்டா என்று அவர் அவ்வுரையில் அறிவுறுத்தினார். தமக்கு முன்பு சைவத்தின்மீது அளவிறந்த பற்று இருந்ததையும், வேலாயுத முதலியார் முதலியோர் அதனை அறிவர் என்பதையும், தம் பழைய பாடல்களே அதற்குச் சான்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்போது தமக்கிருந்த அறிவு சிறிது என்றும், தம்மை உயர்நிலைக்கு ஏற்றியது தயவே என்றும், அத்தயவுக்கு ஒருமை வேண்டும் என்றும் கூறினார்.

பழைய பாடல்களை அழித்துவிடுமாறு அவர் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. அவற்றைத் தாம் நடந்துவந்த வழிக்குச் சான்றாகவே அவர் சுட்டினார். மார்க்கம் என்பதே வழி. வழியில் கடந்த ஊர்கள் பொய்யாவதில்லை. எனினும் கடந்த ஊரிலேயே தங்கிவிடுவோர் வழிச்செல்வோர் ஆகார்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதனை வழிபடுமாறு அன்பர்களைப் பணித்தார். 1874 சனவரி 30ஆம் நாள் தைப்பூசத்து இரவு சித்திவளாகத்து அறையினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அவர் மீண்டும் காணப்படவில்லை. சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. 1878இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்டக் கையேட்டில் அதன் ஆசிரியர் கார்ஸ்டின் அவரைப் பற்றிய குறிப்பைச் சேர்த்தார்.

அவர் மறைவுக்குப்பின் 1880இல் ஐந்தாம் திருமுறையும் 1885இல் ஆறாம் திருமுறையும் வெளிவந்தன. சுத்த சன்மார்க்கக் கருத்துகள் செறிந்த ஆறாம் திருமுறை பதினோராண்டுகள் அச்சேறாதிருந்தது. சைவப் பற்றுமிக்க அன்பர்களுக்கே அக்கருத்துகளை ஏற்பது எளிதாக இருக்கவில்லை என்பதை இக்கால இடைவெளி உணர்த்துகிறது.

முடிவுரை

சைவ சித்தாந்தத்தில் ஞானநெறியின் பெயராக நின்ற சன்மார்க்கம், இராமலிங்க அடிகளின் வாழ்வில் மூன்று கட்டங்களைக் கடந்தது. சென்னை வாழ்வில் அது மரபுவழிப் பொருளிலேயே நின்றது. 1865 முதல் கருங்குழியிலும் வடலூரிலும் அனைவர்க்கும் உரிய நெறியாகவும், பசி தீர்க்கும் செயலாகவும் விரிந்தது. 1872இல் வேதம் நீங்கிச் சுத்தம் சேர்ந்தபோது, எல்லா உயிர்களையும் தன்னைப்போல் எண்ணுதல் என்னும் வரையறையைப் பெற்றது. இவ்வகையில் நோக்கும்போது அவர் வாழ்வு இரண்டாகப் பிளந்த ஒன்றன்று. ஒரே சொல்லின் பொருளைத் தேடிச்சென்ற தொடர்ச்சியான பயணம் என்பது புலப்படும்.

இவ்வினா ஏட்டளவில் முடிந்துவிடவில்லை. ஞானசபையில் நிகழ்ந்துவந்த உருவ வழிபாடு அடிகளின் விதிக்கு மாறானது என்று இந்து சமய அறநிலையத் துறை 2006இல் ஆணையிட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அவ்வாணையை உறுதிசெய்தது. சுத்தம் என்ற அடைமொழியின் பொருள் நூற்றாண்டுக்குப் பின்னரும் வழிபாட்டு நடைமுறையைத் தீர்மானிப்பதாயிற்று. சபையைப் பற்றிய இவ்வழக்குகள் எவ்வாறாயினும், தருமச்சாலையின் அடுப்பைச் சுற்றி அத்தகைய வழக்கு எழுந்ததில்லை. அடிகள் அச்சொல்லுக்கு ஏற்றிய பொருள் ஐயத்துக்கு இடமின்றி விளங்குவது அங்கேயாம்.